முதுகுக்காரரின் பக்கம்

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஓரிடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாது. அப்படிப்பட்டவளுக்கு, நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்து செய்கிற வேலைதான் கிடைத்தது. சிங்கப்பூரில், கிளமெண்டி பக்கம் இருந்த ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு ஒட்டவைக்கிற வேலை. ஒன்று முடிந்தால் அடுத்தது. அது முடிந்தால் அதற்கடுத்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. பெண்பிள்ளைகளை வேலைக்கு எடுக்கத் தொழிற்சாலைகள் போட்டி போட்ட காலம்.

எங்கள் வீடு செம்பவாங்கில், கப்பல் பட்டறைத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தது. அப்பா பட்டறையில் கிரேன் ஓட்டினார். தீவின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருவதற்குள் பாதி உயிர் போய்விடும். வேலையை விட்டுவிடப்போகிறேன் என்று வாரத்துக்கு ஒருமுறை அம்மாவிடம் சொல்வேன். “விட்டுட்டு என்ன பண்ணப் போற?” என்று கேட்பார். தட்டெழுத்து படித்துப் பாதியில் நிறுத்தினேன். தையல் படித்தேன், அதையும் நிறுத்தினேன். மலாய் நாடகக் குழு ஒன்றில்கூடச் சேர்ந்து இரண்டு வாரம் போய்வந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே பக்கத்து இருக்கைப் பெண்ணோடு தகராறு வந்தது. என் கால் மேசைக்கு அடியில் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். நீளமான ஒரே மேசை. என் கால் ஆடினால் அவளுடைய நுண்ணோக்கியும் ஆடும்.

“ஏய், கால ஆட்டாத லா,” என்றாள் ஒருநாள், கண்ணை எடுக்காமலே. “எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது.”

“நான் ஆட்டல. அதுவா ஆடுது.”

“அப்ப அதுகிட்ட சொல்லு.”

அன்று மத்தியானம் கைப்பை எடுக்க லாக்கர் அறைக்குப் போனபோதுதான் அவளுடைய லாக்கர் கதவைப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாரும் சினிமா நடிகர்கள் படத்தை ஒட்டியிருந்தார்கள். ஹாங்காங் நடிகர்கள், இந்தி நடிகர்கள், மலாய்ப் பாடகர்கள். அவள் கதவில் ஒரு மேசை இருந்தது. கசங்கிய வெள்ளைத் துணி, மேலே ஆப்பிள்கள், சரிந்து விழப்போவதுபோல் ஒரு தட்டு. பத்திரிகையிலிருந்து வெட்டிய படம்.

“இது யாரு வரைஞ்சது?”

“பேரு என் வாயில நுழையல. பிரெஞ்சுக்காரர். நான் மேசைக்காரர்னு வச்சிருக்கேன்.”

“விழுந்துடும்போல இருக்கே அந்த ஆப்பிள்.”

அவள் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். “ஆனா விழல, பாரு. அதான் எனக்குப் பிடிக்கும்.”

நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். மணி அடித்துவிட்டது. சாப்பிடாமலே திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

இப்படித்தான் எங்கள் பரிமாற்றம் ஆரம்பித்தது. அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். கத்தோலிக்கக் குடும்பம், ஃபேரர் பார்க் பக்கத்து அடுக்குமாடியில் வீடு. ஞாயிறு பூசையில் பாடுவாள். அதிர்ந்து பேச மாட்டாள். மாதாகோயிலில் மாட்டியிருந்த படங்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பார்த்து, இதையெல்லாம் யாரோ ஓர் ஆள் உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டுமே என்று யோசிக்க ஆரம்பித்தாளாம். அதிலிருந்து, கிடைக்கிற பத்திரிகையிலெல்லாம் படங்களைத் தேடி வெட்டி, ஒரு பழைய கணக்கு நோட்டில் ஒட்டிவந்தாள். நானும் ஒரு நோட்டு போட்டேன். கேன்டீனில் சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டு இருவரும் நோட்டைத் திறப்போம்.

“இந்த வாரம் உன் ஆளு யாரு?” என்பாள்.

எனக்கு வாரம் ஓர் ஆள். முதலில் தீக்காரர். வயலும் மரமும் வானமும் எல்லாமே எரிவதுபோல் கெட்டி கெட்டியாகச் சாயம் பூசியவர். அடுத்த வாரம் புள்ளிக்காரர். ஆற்றங்கரையில் நிற்கிற மனிதர்களை வெறும் புள்ளி புள்ளியாகவே வைத்து முடித்தவர். நாள் முழுக்கப் புள்ளிகளைப் பார்க்கிற எனக்கு, அவர் எப்படிப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தார் என்று ஆச்சரியம். அதற்கடுத்து முகத்தைத் துண்டு துண்டாக உடைத்து மூக்கைக் காதுப்பக்கம் வைத்தவர். அப்புறம் எதையுமே வரையாமல் வெறும் நிறத்தைக் கொட்டியவர்கள். ஒவ்வொருவரையும் கண்டுபிடிக்கிறபோது, இனி இவர்தான், வேறு யாரும் வேண்டாம் என்று தோன்றும். அடுத்த திங்கட்கிழமை அவர் சலித்துப்போவார்.

அவள் அப்படியில்லை. அவளுக்கு மொத்தமே மூன்று பேர். மூவருமே சத்தமில்லாதவர்கள்.

“ஒரு படத்த ஒரு வாரமாச்சும் பாரேன்,” என்பாள். “கடையில துணி பாக்கற மாதிரிப் புரட்டிக்கிட்டே போறியே.”

“உன் ஆளுங்க படத்துல ஒண்ணுமே நடக்கல. மேசை இருக்கு, ஜன்னல் இருக்கு, முடிஞ்சிருச்சு.”

“எல்லாத்துலயும் ஏதாவது நடக்கணுமா?”

“நடக்கணும்.”

எங்கள் லைன் லீடர் ஒரு சீனப் பெண்மணி. கண்டிப்பானவர். நாங்கள் தினமும் நோட்டை வைத்துக்கொண்டு சண்டை போடுவதைப் பார்த்து ஏதோ சீட்டு விளையாட்டு என்று சந்தேகப்பட்டு ஒருநாள் வந்து நின்றார். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பழைய சுவர் நாட்காட்டியைச் சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் விரித்தார். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் ஐந்தாறு இறால்கள். சுற்றிலும் வெறுமை.

“நோ வாட்டர்,” என்று தாளைக் காட்டினார். “பட் காட் வாட்டர்.”

தண்ணீர் இல்லை, ஆனால் தண்ணீர் இருக்கிறது என்கிறார். உண்மைதான். தண்ணீரை வரையவே இல்லை. ஆனால் இறால்கள் தண்ணீரில் நீந்தின. என் தோழி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். அவளுக்கு நாலாவது ஆள் கிடைத்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு லைன் லீடர் எங்களை அதிகம் திட்டவில்லை. என் காலாட்டத்துக்கு மட்டும் திட்டினார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் இருவரும் பஸ் பிடித்து நகரத்துக்குப் போய், சிவப்புச் செங்கல் நூலகத்தில் ஓவியப் புத்தகங்கள் இருக்கும் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம். பெரிய பெரிய புத்தகங்கள். இரவல் தரமாட்டார்கள், அங்கேயே பார்க்க வேண்டும். நான் ஒரு மணி நேரத்தில் ஐந்து புத்தகம் புரட்டி, எழுந்து நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஆறாவதை எடுப்பேன். அவள் ஒரே புத்தகத்தில் ஒரே பக்கத்தில் இருப்பாள்.

அந்தப் பக்கத்தில் ஓர் அறை. சாம்பல் நிறச் சுவர். ஒரு பக்கமிருந்து வெளிச்சம். கறுப்பு உடையில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். பின்கழுத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான் படம். அந்த ஓவியர் எந்தப் பெண்ணை வரைந்தாலும் பெரும்பாலும் முதுகைத்தான் வரைவாராம். அதனால் அவருக்கு முதுகுக்காரர் என்று பெயர் வைத்தோம்.

“அவ திரும்பினா எப்படி இருப்பான்னு உனக்குத் தோணலியா?” என்று கேட்டேன்.

“திரும்ப வேணாம்.”

“எனக்கு அவளைப் பிடிச்சுத் திருப்பணும்போல இருக்கு.”

“உனக்கு இருக்கும்,” என்று சிரித்தாள்.

நூலகத்திலிருந்து சில வாரம் அவள் வீட்டுக்குப் போவோம். இரண்டறை வீடு. அப்பா, அம்மா, ஆறு பிள்ளைகள். கட்டில் ஒன்றுதான், அதில் எந்நேரமும் யாராவது படுத்திருப்பார்கள். ஒருவர் படிக்க, ஒருவர் வானொலி கேட்க, ஒருவர் துணி மடிக்க, அதன் நடுவில் அவள் அம்மா, “வாம்மா, சாப்பிடறியா, தோசை இருக்கு,” என்பார். எனக்கு அந்தக் கூச்சல் பிடிக்கும். அவள் எப்படி இதற்குள் இவ்வளவு அமைதியாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அது அவள் பிறவிக் குணம் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு திங்கட்கிழமை காலை, கம்பி ஒட்டிக்கொண்டே, “எனக்குக் கல்யாணம் முடிவாயிருச்சு,” என்றாள். மாப்பிள்ளை மலேசியாவில், ஈப்போவில் பள்ளி ஆசிரியர். பங்குச் சாமியாருக்குத் தெரிந்த குடும்பம். மூன்று மாதத்தில் கல்யாணம், அதோடு அவள் அங்கே போய்விடுவாள்.

“அங்க நூலகம் இருக்குமா?” என்று கேட்டேன். அதுதான் என் வாயில் வந்தது.

“தெரியல.”

அன்று நான் ஒட்டிய கம்பிகளில் பாதி தவறு. லைன் லீடர் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன் வைத்தார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் போய்விட்டால் நான் இந்த மேசையில் யாரோடு சண்டை போடுவது? எனக்கு அவள்மேல் கோபமா, மாப்பிள்ளைமேல் கோபமா, ஈப்போமேலேயே கோபமா என்று தெரியவில்லை. எதையாவது செய்தாக வேண்டும்போல் இருந்தது. அவள் கையில் எதையாவது கொடுத்தனுப்ப வேண்டும்.

அந்த வாரத்தில் ஒருநாள் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு, தனியாக நூலகத்துக்குப் போனேன். கைப்பையில் அரை பிளேடு ஒன்று, காகிதத்தில் சுற்றி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலையிலிருந்த மேசையில் உட்கார்ந்தேன். மடியில் தமிழ்ப் பத்திரிகையை விரித்துக்கொண்டேன். நாள் முழுக்க நுண்ணோக்கியில் வேலை செய்த கை. நடுங்கவில்லை. பிளேடு உள்ளோரத்தில் ஒரே இழுப்பில் மேலிருந்து கீழே வந்தது. பக்கம் பத்திரிகைக்குள் போனது. புத்தகம் அலமாரிக்குப் போனது. வாசலைத் தாண்டும்போதுதான் காது இரண்டும் அடைத்துக்கொண்டதுபோல் ஆனது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பஸ் நிறுத்தம்வரை ஓடினேன்.

சனிக்கிழமை அவள் நூலகம் போகலாம் என்றபோது வேண்டாம் என்று சொல்லி, சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனேன். சுருட்டி ரிப்பன் கட்டி வைத்திருந்ததை எடுத்து நீட்டினேன்.

அவள் பிரித்தாள். முதுகைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதை நான் இன்றும் மறக்கவில்லை. ஒரு விநாடிதான் இருக்கும். பிறகு விரல் தாளின் ஓரத்தைத் தடவியது. வெட்டிய ஓரம். தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தின் ஓரத்தில் நூலகத்தின் முத்திரை பாதி தெரிந்தது.

“எங்கேர்ந்து எடுத்த?”

நான் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தேன்.

“வெட்டினியா?”

“உனக்குத்தான். நீ போயிட்டா அத எப்படிப் பாப்ப? அந்தப் புத்தகத்த வேற எவன் தொடறான்? நாம ரெண்டு பேரு மட்டும்தான் எடுக்கறோம்.”

“பின்னாடி என்ன படம் இருக்குன்னு பாத்தியா?”

நான் பார்த்திருக்கவில்லை. அவள் தாளைத் திருப்பி என் பக்கம் பிடித்தாள். கடற்கரையில் ஏற்றிவைத்த ஒரு படகு. சிவப்பும் நீலமும். யார் வரைந்தது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

“யாரோ ஒருத்தங்க வாரா வாரம் இந்தப் படகப் பாக்க வரலாம்ல?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “இத நான் எந்தச் சுவத்துல மாட்டுவேன்? மாட்டிட்டு எப்படிப் பாப்பேன்?”

தாளை அதே மாதிரி சுருட்டி, ரிப்பனைக் கட்டி, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “நீயே கொண்டுபோய்க் குடுத்துரு.”

“பிடிச்சிக் குடுத்துருவாங்க.”

“குடுக்கட்டும்.” எழுந்து போய்விட்டாள். அவள் தோசை அப்படியே இருந்தது.

அடுத்த மூன்று வாரம் நான் பட்ட பாடு. தொழிற்சாலையில் அவள் என்னோடு பேசவில்லை. பக்கத்திலேயே இருந்தாள், கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்கவில்லை. என் கால் ஆடினாலும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் மிகவும் வலித்தது. பக்கத்தை வீட்டில் வைக்கப் பயந்து கைப்பையிலேயே சுமந்தேன். சனிக்கிழமை வந்தால் நகரத்துக்குப் போவேன். நூலகப் படிவரை போவேன். திரும்பி எதிர்ச் சாரிக்குப் போய் நிற்பேன். பிறகு ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி அது போகிற கடைசி நிறுத்தம்வரை போய்விட்டு அதே பஸ்ஸில் திரும்புவேன். ஒரு சனிக்கிழமை அப்படி சாங்கிவரை போய்விட்டேன். கடலைப் பார்த்தபடி, பக்கத்தைக் கிழித்துத் தண்ணீரில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தும்விட்டேன். கிழிக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்தபோது, அவள் என்மேல் கோபமாக இருப்பதால்தான் திரும்பி நிற்கிறாள் என்று தோன்றியது.

மூன்றாவது சனிக்கிழமை உள்ளே போனேன். கொடுக்க அல்ல, சும்மா பார்க்க. அலமாரியில் புத்தகம் இல்லை. திரும்பிப் பார்த்தால், நான் பிளேடை இழுத்த அதே மூலை மேசையில் ஒருவர் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். தபால்காரர் சீருடை. நடுத்தர வயது. தேடுகிறவர்போல் வேகமாகப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றார். ஒரு பக்கம் பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார். ஆள்காட்டி விரலால் புத்தகத்தின் நடுப்பள்ளத்தை மேலிருந்து கீழாகத் தடவினார். நான் விட்டுவைத்திருந்த அந்த மெல்லிய ஓரத்தை அவர் விரல் கண்டுபிடித்தது எனக்குத் தெரிந்தது. பிறகு புத்தகத்தை மூடி, அலமாரியில் வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் படகைத் தேடினாரா, முதுகைத் தேடினாரா? ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேராக முகப்பு மேசைக்கு நடந்தேன்.

அங்கே இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. நாற்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“மிஸ், இத நான்தான் வெட்டினேன்,” என்று பக்கத்தை விரித்து வைத்தேன்.

அவர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எந்தப் புத்தகம்?”

கொண்டுவந்து கொடுத்தேன். பக்கத்தை அதன் இடத்தில் பொருத்திப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது.

“ஏம்மா வெட்டின? விக்கறதுக்கா?”

“இல்ல மிஸ். என் ஃப்ரெண்டுக்குப் பிடிச்ச படம். அவ கல்யாணமாகி ஈப்போ போறா.”

“இதுவா?” படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “இதுல என்ன இருக்கு? மூஞ்சிகூடத் தெரியல.”

நான் அழுதுவிடுகிற நிலையில் இருந்தேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “மூஞ்சி தெரியாததுனாலதான் மிஸ். அவ யாருக்காகவும் நிக்கல. அவ நிக்கறது யாருக்கும் தெரியாது. அந்தக் கழுத்துல மட்டும் வெளிச்சம் படுது பாருங்க. அது அவளுக்கே தெரியாது.” இதெல்லாம் என் தோழி சொன்ன வார்த்தைகள். இரண்டு வருடமாக நான் மறுத்துவந்த வார்த்தைகள். என் வாயிலிருந்து வந்தபோது அவை உண்மையாக இருந்தன.

அவர் இன்னும் சற்று நேரம் பார்த்தார். “எனக்குப் பூ இருந்தாத்தான் பிடிக்கும்,” என்றார். பிறகு என் உறுப்பினர் அட்டையைக் கேட்டு வாங்கி, மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். “ஆறு மாசம் கழிச்சு வந்து கேளு. குடுக்கறதா வேணாமான்னு அப்பப் பாக்கலாம். உள்ள வந்து உக்காந்து பாக்கலாம், ஆனா இந்த மேசைக்கு முன்னாடி, நான் பாக்கற இடத்துல. புரிஞ்சுதா?”

“போலீஸ்…”

“எனக்கு வேற வேல இருக்கு. போ.”

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். இவ்வளவுதானா என்றிருந்தது. மூன்று வாரம் தூங்காமல் கிடந்ததற்கு இன்னும் பெரிதாக ஏதாவது நடந்திருக்க வேண்டும்போல் ஓர் ஏமாற்றம்கூட.

திங்கட்கிழமை அவளிடம், “குடுத்துட்டேன்,” என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். மதியம் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். நோட்டைக் கொண்டுவந்திருக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தாள்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இருவரும் கடைசியாக நூலகத்துக்குப் போனோம். அந்தப் பெண்மணி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, தமக்கு முன்னாலிருந்த மேசையைக் கண்ணால் காட்டினார். உட்கார்ந்தோம். பக்கத்தை உள்ளே வைத்து ஒட்டியிருந்தார்கள். கொஞ்சம் கோணல், ஓரத்தில் பசைக் கறை. என் தோழி வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

“நான் ஒண்ணு சொல்லட்டா?” என்றாள். “உனக்கு இந்தப் படம் எனக்கு ஏன் பிடிக்கும்னு தெரியாது.”

“தெரியும். அமைதி.”

“அமைதியும் இல்ல, ஒண்ணும் இல்ல.” அவள் குரல் அடங்கியே இருந்தது, ஆனால் நான் அதுவரை கேட்டிராத குரல். “எங்க வீட்ல நான் இதுவரைக்கும் ஒருநாள்கூட ஒரு ரூம்ல தனியா நின்னதில்ல. குளிக்கறப்பகூட வெளிய ஒருத்தர் கதவத் தட்டிக்கிட்டு நிப்பாங்க. இவள மாதிரி ஒரு ரூம்ல, கதவச் சாத்திட்டு, சும்மா நிக்கணும். அதான். இப்ப அங்க போறேன். மாமியார், மாமனார், ரெண்டு நாத்தனாரு, எல்லாரும் ஒரே வீடு.” சிரித்தாள். “எனக்கும் கால் ஆடும்டி. உள்ளுக்குள்ள ஆடும். உனக்கு வெளிய தெரியுது, அவ்வளவுதான்.”

இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே படத்தை இருவரும் பார்த்திருக்கிறோம். அவள் அந்த அறைக்குள் போக முடியாமல் வெளியே நின்றிருக்கிறாள். நான் அவள் உள்ளே இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு கடிதங்கள் வந்தன, போயின. உறைக்குள் எப்போதும் ஒரு படம் இருக்கும். நான் அனுப்பியதையெல்லாம் அவள் திட்டினாள். அவள் அனுப்பியதையெல்லாம் நான் திட்டினேன். முதல் பிள்ளை பிறந்த பிறகு கடிதம் சுருங்கியது. இரண்டாவது பிறந்த பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒன்று. நான் தொழிற்சாலையை விட்டேன், ஒரு விளம்பரப் பலகைக் கடையில் எழுத்து வரைந்தேன், அதையும் விட்டேன், கப்பல் நிறுவன அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். எனக்கும் கல்யாணம் ஆனது. கிளமெண்டியில், பழைய தொழிற்சாலைக்கு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி வீடு கிடைத்தது. என் கணவர், நான் சமையலறைச் சுவரில் மாதம் ஒரு படத்தை மாற்றி மாற்றி ஒட்டுவதைப் பார்த்து, “பசை காயறதுக்குள்ள அடுத்ததா?” என்பார்.

எண்பதுகளின் நடுவில், பள்ளி விடுமுறைக்கு அவள் இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூர் வந்தாள். எட்டு வருடம் கழித்துப் பார்க்கிறேன். உடம்பு பெருத்திருந்தது, தலையில் நாலைந்து நரை. பையனுக்கு ஏழு வயது, பெண்ணுக்கு நாலு. நகரம் முழுக்க எம்ஆர்டி ரயில் பாதைக்காகத் தோண்டிப் போட்டிருந்த காலம். தூசும் இரைச்சலும் பலகை வேலிகளுமாக இருந்த தெருக்களில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தோம். அருங்காட்சியகத்தின் ஓவியக்கூடத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஓவியங்களை வைத்திருப்பதாகப் படித்திருந்தேன். அதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இழுத்துப்போனேன்.

எங்கள் ஆட்கள் யாரும் அங்கே இல்லை. மேசைக்காரர் இல்லை, தீக்காரர் இல்லை, முதுகுக்காரரும் இல்லை. பெயரே கேள்விப்படாதவர்கள். ஆனால் அச்சடித்த படமல்ல, துணியில் சாயம் பூசிய நிஜமான ஓவியங்கள். அத்தனை வருடம் ஓவியம் ஓவியம் என்று அலைந்த நாங்கள், மேல்நாட்டு எண்ணெய் ஓவியம் ஒன்றை நேரில் பார்த்ததில்லை. நான் வழக்கம்போல் ஐந்து படங்களைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் முதல் படத்திலேயே நின்றாள். மழை பெய்து ஓய்ந்த ஒரு தெரு. மூக்கு இடிக்கிற அளவுக்கு அதன் அருகே குனிந்திருந்தாள்.

“மேடம், டூ க்ளோஸ்,” என்றார் காவலர்.

அவள் அரையடி பின்னால் வந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். “இங்க வா, இங்க வா. முடி பாரு.”

“என்ன முடி?”

“பிரஷ்ஷோட முடி. சாயத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்த ஆளு கவனிக்கல போல. அப்படியே காஞ்சிருச்சு.” வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் தெரிந்தது. ஈரத் தெருவின் பழுப்பு நிறத்தில் ஒரு கறுத்த முடி, வளைந்து கிடந்தது. எந்தப் புத்தகத்திலும் அதைப் பார்த்திருக்க முடியாது.

“அம்மா, சுச்சு,” என்றது சின்னது. பையன் அதற்குள் ஒரு கயிற்றுத் தடுப்பைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்திருந்தான். காவலர் அவனை நோக்கி நடந்தார். அவள் படத்தையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் வாடியதை நான் பார்த்துவிட்டேன்.

“நீ இரு,” என்றேன். “நான் கூட்டிட்டுப் போறேன்.”

“ரெண்டும் உன்ன ஒரு வழி பண்ணிரும்டி.”

“பண்ணட்டும். நீ பாத்துட்டு வா.”

“அஞ்சு நிமிஷம்.”

“எத்தன நிமிஷமோ.”

இரண்டையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒன்றுக்குக் கழிப்பறை, இன்னொன்றுக்குத் தண்ணீர். பிறகு தெருவோர வண்டியில் ரொட்டிக்குள் வைத்த ஐஸ்கிரீம். தின்று முடித்ததும் படிக்கட்டில் ஓடிப்பிடித்து விளையாட்டு. பையன் விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டான். பெண் என் மடியில் ஏறி, என் தாலிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, அம்மா எங்கே, அம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளே இருக்காங்க, படம் பாக்கறாங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிடம் முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு முறை எழுந்து வாசல்வரை போனேன். கூப்பிடாமல் திரும்பி வந்தேன்.

அவள் வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. பிள்ளைகள் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டார்கள். சேலைத் தலைப்பால் பையனின் முழங்கையைத் துடைத்தாள். ஐஸ்கிரீம் ஒட்டிய பெண்ணின் வாயைத் துடைத்தாள். என்னைப் பார்த்து, “கடைசி ரூம்ல, கதவுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கே, பாத்தியா?” என்றாள்.

“எது? நான் அவ்வளவு தூரம் போகல.”

“சின்னதுதான். மூணு எலுமிச்சம்பழம், ஒரு கத்தி. ஆனா அந்த மஞ்ச…” கையைத் தூக்கி ஏதோ சொல்லவந்து நிறுத்திக்கொண்டாள். “நான் சொன்னா உனக்குப் பிடிக்காமப் போயிரும். நீயே போய்ப் பாரு. மூடறதுக்கு இன்னும் நேரமிருக்கு. இதுங்கள நான் பாத்துக்கறேன்.”

“நாளைக்குப் பாத்துக்கலாம். வெயில்ல நிக்கறீங்க.”

“இப்பப் போ லா,” என்று என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

நான் இரண்டு இரண்டு படியாக ஏறி உள்ளே போனேன்.